அதிர்வை எதிரியா மட்டும் பாக்காதேங்கோ, உராய்வுக்குக் கடிவாளமும் அதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கட பத்திரிகையின்ர விவசாயப் பக்கத்தில உழவு மிசின், தண்ணி பம்ப் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையை வாசிச்சன். ஒயில் மாத்திறது, எயார் பில்ட்டர் துப்புரவாக்கிறது, றேடியேற்றருக்குத் தண்ணி பாக்கிறது எல்லாம் வடிவா எழுதியிருக்கினம், கமக்காரருக்கு உதவுற கட்டுரைதான், அதில எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனா கடைசிப் பந்தியில, அதிர்வு எண்டது மிசினுக்கு எதிரி, எங்க கண்டாலும் உடன நிப்பாட்டுங்கோ எண்டு எழுதி விட்டிருக்கினம், அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கடிதம். அது பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்லாமல் விட்டா எங்கட பெடியள் ஒரு நல்ல வித்தையைத் தெரியாமலே தொழில் பழகப் போகினம். அதிர்வை அளவறிஞ்சு குடுத்தா அது உராய்வைக் குறைக்கும், அதோட வேணுமெண்ட நேரம் குறைச்சுப்போட்டு வேண்டாமெண்ட நேரம் சுவிச்சை நிப்பாட்டி உராய்வைத் திருப்பி எடுக்கலாம். கிறீஸ் பூசினா பூசினதுதான், சுவிச் போட்டுக் கழட்ட ஏலாது.

நான் விசுவமடுப் பக்கம் ஒரு சின்ன வேக்ஷொப் வச்சிருக்கிறன், லேத்தும் வெல்டிங்கும்தான் சீவியம். காலபோகம் தொடங்கேக்க கலப்பையள் வரத் தொடங்கும். கொழு மாத்தவேணும், போல்ட் எல்லாம் போன வருசச் சேத்தோட துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும். புதுசா வாற பெடியள் என்ன செய்வினம் எண்டா ஸ்பனரில நீளமா ஒரு பைப்பைக் கொழுவி ரெண்டு பேராத் தொங்குவினம், போல்ட் தலை படக்கெண்டு முறியும், பேந்து ட்ரில் பண்ணி எடுக்க அரைநாள் போயிடும். தொழில் தெரிஞ்ச ஆள் மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டு ஊறவிட்டிட்டு, ஒரு கையால ஸ்பனரை ஒரே சீரா இழுத்துப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால சின்னச் சுத்தியலை எடுத்துப் போல்ட் தலையில மெல்லமாக் கெதியாத் தட்டுவார். பலமா இல்லை, டொக் டொக் டொக் எண்டு விடாமல் தட்டிக்கொண்டே இருக்கவேணும். கிட்டப் போய்ப் பாத்தியள் எண்டா முதல்ல நட்டுக்கும் இரும்புக்கும் இடையில இருந்து செம்மண் நிறத்தில துருத்தூள் பொலுபொலுவெண்டு கொட்டும், அடுத்து மண்ணெண்ணெய் அந்த இடத்தில உள்ளுக்க உறிஞ்சுப்படுறது தெரியும், பிறகு ஸ்பனர் ஒரு மயிரிழை அசையும். அந்த மயிரிழை அசைஞ்சிட்டா வேலை முடிஞ்ச மாதிரித்தான். இழுக்கிற பலம் முதல் இருந்த அதே பலம்தான், கூட்டவே இல்லை. தட்டினதாலதான் அசைஞ்சது.

ஏன் எண்டு கேட்டா கனபேர் "அது அப்பிடித்தான் அண்ணை" எண்டுதான் சொல்லுவினம். ஆனா அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, அந்தக் கணக்கை விளங்கிக்கொண்டா போல்ட் கழட்டிறதுக்கு மட்டுமில்லை, காணியில கச்சான் (நிலக்கடலை) கிண்டிறதுக்கும் பாவிக்கலாம், அதைக் கடைசியில சொல்லுறன்.

உராய்வு பற்றி லியனார்டோ டாவின்சி தன்ர குறிப்புப் புத்தகங்களில முதலே எழுதி வச்சிருக்கிறார். பிறகு பிரான்சில அமொந்தொன் எண்டவர் 1699 இல, பாரம் கூடக்கூட உராய்வும் அதே அளவில கூடும், தொடுற பரப்புப் பெரிசோ சின்னனோ எண்டதில பெருசா வித்தியாசமில்லை எண்டு சொன்னார். கூலோம் 1785 இல வெளிவந்த தன்ர ஆராய்ச்சியில இன்னும் விபரமாப் போய், நிக்கிற சாமானை அசைக்கிற நேரத்து உராய்வு வேற, ஓடிக்கொண்டிருக்கிற நேரத்து உராய்வு வேற எண்டதைக் காட்டினார், அதோட ஒரு சாமான் எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்குதோ அவ்வளவுக்கு அதை அசைக்கிறது கஸ்டமாகும் எண்டதையும் கவனிச்சிருக்கிறார். எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை, ஒரு போகம் முழுக்க ஓடாமல் கிடந்த பம்பைக் கையால சுத்திப் பாத்தவைக்குத் தெரியும்.

பரப்புப் பெரிசோ சின்னனோ எண்டு பாக்கத் தேவையில்லை எண்டது கன நாளா ஒரு புதிரா இருந்தது. அதைப் போன நூற்றாண்டில கேம்பிறிட்ஜில பௌடன், டேபர் எண்ட ரெண்டு பேர் விளங்கப்படுத்திச்சினம். நாங்கள் பளபளப்பா மினுக்கி எடுத்த இரும்பைக்கூடப் பூதக்கண்ணாடியில பாத்தா மேடும் பள்ளமும்தான், ரெண்டு இரும்பை ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சா ரெண்டு பனங்கருக்கு மட்டையை முகத்துக்கு முகம் வச்ச மாதிரி பல்லு நுனியள் மட்டும்தான் உண்மையா முட்டும், மற்ற இடமெல்லாம் வெறும் இடைவெளி. அந்த நுனியளிலதான் முழுப் பாரமும் நிக்குது, அதால அந்த இடத்தில அமத்தம் பயங்கரமாக் கூடி ரெண்டு உலோகமும் ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போகும். உராய்வு எண்டது பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன ஒட்டுகளை அறுக்கிறதுக்கு நாங்கள் குடுக்கிற பலம்தான். நேரம் போகப்போக ஒட்டு வளரும், அதாலதான் கிடந்த மிசின் இறுகுது.

இனி அதிர்வு இதில எங்க வருது எண்டு பாப்பம். அது ரெண்டு விதமா வேலை செய்யுது.

ஒண்டு, மேலும் கீழுமா அதிர்ந்தா பாரம் ஒரு கணம் கூடும், அடுத்த கணம் குறையும். குறைஞ்ச அந்தக் கணத்தில ஒட்டுகள் விடுபட்டுச் சாமான் கொஞ்சம் வழுக்கிப் போகும். போல்ட் தலையில தட்டேக்க நடக்கிறது அதுதான், புரிப் பல்லுகளுக்கு இடையில இருக்கிற அமத்தம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கணம் விட்டுக் குடுக்குது, துருவும் வெடிக்குது, அந்தக் கணத்துக்காக ஸ்பனர் இழுத்துப் பிடிச்சபடி காத்துக்கொண்டிருக்கவேணும், தட்டி முடிச்சிட்டுப் பிறகு இழுத்தா பாதிப் பலன்தான்.

ரெண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடிச்சது. உராய்வு எப்பவும் அசையிற திசைக்கு எதிர்த் திசையிலதான் பிடிக்கும், அதின்ர முழுக் குணமும் அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு பெட்டியை ஒரு பலகையில மெதுவா முன்னுக்கு இழுக்கிறியள் எண்டு வைப்பம், அந்தப் பலகை அதே நேரம் முன்னும் பின்னுமா வேகமா நடுங்கிக்கொண்டிருக்கு. பலகை முன்னுக்குப் பாயிற கணத்தில அது பெட்டியை விட வேகமாப் போகும், அப்ப பெட்டி பலகைக்குப் பின்தங்குது, உராய்வு பெட்டியைப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளும், எதிரி எங்கட பக்கம் வந்திடுவான். பலகை பின்னுக்குப் போற கணத்திலயும் பெட்டியை விட மெதுவாப் போற கணத்திலயும் மட்டும்தான் எதிர்க்கும். ரெண்டையும் கூட்டிக் கழிச்சுச் சராசரி பாத்தா மிச்சமா நிக்கிற உராய்வு கொஞ்சம்தான். இதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு, நடுக்கத்தின்ர உச்ச வேகம் இழுக்கிற வேகத்தை விடக் கூட இருக்கவேணும், இல்லாட்டித் திசை மாறவே மாறாது. பெட்டி போற வேகம் நடுக்கத்தின்ர உச்ச வேகத்தில பாதி எண்டா கணக்கின்படி சராசரி உராய்வு மூண்டில ஒரு பங்காக் குறையும், பத்தில ஒண்டு எண்டா நூற்றுக்கு ஆறளவுக்கு இறங்கும். கடதாசிக் கணக்குத்தான், இருந்தாலும் ஆய்வுகூடத்தில அளந்து பாத்தவையும் இந்தப் போக்கைத்தான் கண்டிருக்கினம். பக்கவாட்டில நடுங்கினாலும் குறையும், ஆனா முன்பின் நடுக்கத்தின்ர அளவுக்கு இல்லை.

பக்கவாட்டு நடுக்கத்தை எங்கட ஊரில எல்லாரும் செய்யினம். வேலிக் கதியால் புடுங்கேக்க ஆராவது நேர மேல இழுக்கினமோ, ஆட்டி ஆட்டித்தானே எடுப்பினம். இறுகின மோதிரத்தை விரலில சுத்திச் சுத்திக் கழட்டிறதும் அதேதான், சுத்துற திசைக்கு எதிரா உராய்வு தன்ர பலத்தைச் செலவழிச்சுப்போட்டு நிக்கேக்க நாங்கள் இழுக்கிற திசையில பிடிக்கிறதுக்கு அதிட்ட மிச்சம் இல்லை.

வீடு கட்டிறவை கொங்கிறீட்டுக்குள்ள விடுற வைபிறேற்றரை எடுத்துப் பாருங்கோ. நிமிசத்துக்கு 10,000, 12,000 தரம் எண்ட கணக்கில அது நடுங்கும், நடுங்கேக்க கல்லும் மண்ணும் ஒண்டோட ஒண்டு பிடிக்கிற பிடி தளர்ந்து, குமிச்சுக் கிடந்த கொங்கிறீட் தண்ணி கணக்கா மட்டத்துக்கு ஓடும், காத்துக் குமிழியள் மேல வந்து உடையும். மேசன்மார் ஆரிட்டயும் கேட்டுப் பாருங்கோ, அந்தத் தடியை ஓடிக்கொண்டிருக்கேக்கதான் மெல்லமா மேல இழுக்கவேணும், உள்ளுக்க வச்சு நிப்பாட்டினா இறுகிப்போகும், இழுத்து எடுக்கப் படுற பாடு பெரும்பாடு. அதே தடி, அதே கொங்கிறீட், அதிர்வு இருந்தா வழுக்குது, நிண்டா பிடிக்குது. ஏ9 றோட்டுப் போடேக்க கிறவலை அமத்தின வைபிறேற்றிங் ரோலரும் இந்த வேலைதான் செய்தது, சும்மா பாரத்தை மட்டும் ஏத்தினா கல்லுகள் ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கும், நடுக்கினா பிடி விட்டு இடம் தேடிப் போய் இறுக்கமா அடுங்கும். அரிசி மில்லில நெல்லுக் கொட்டுற தொட்டி அடைச்சு நிண்டா, கொஞ்சம் ஈரமான நெல்லு எண்டால் வாய்க்கு மேல ஒரு வளைவாப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், வேலை செய்யிற பெடியன் தடியால தகரத்தில தட்டுவான், உடன இறங்கும். அந்தத் தட்டை ஒரு சின்ன மோட்டரில பாரத்தை ஒருபக்கமாப் பூட்டிச் செய்ய வச்சா அதுதான் கடையில காசுக்கு விக்கிற வைபிறேற்றிங் பீடர், மோட்டரைக் கூட்டிக் குறைச்சு எவ்வளவு நெல்லு விழவேணும் எண்டதையே அளக்கலாம்.

இப்ப வெளியில என்ன நடக்குது எண்டதையும் கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டா இது கைவைத்தியம் எண்டு ஆரும் நினைச்சிடக் கூடாது.

பிஸ்டன் எஞ்சின் விமானங்களில எஞ்சினின்ர நடுக்கமே மீற்றர் ஊசியளை ஒட்ட விடாமல் வச்சிருந்தது. ஜெட் எஞ்சின் வந்து நடுக்கம் குறைஞ்ச பிறகு உயரத்தைக் காட்டிற மீற்றரின்ர ஊசி உள்ளுக்க சின்ன உராய்வில பிடிச்சுக்கொண்டு, விமானம் இறங்கின பிறகும் பழைய உயரத்தைக் காட்டத் தொடங்கிச்சு, அது உயிர் போற விசயம். அதுக்காக அந்த மீற்றருக்கு ஒரு சின்ன அதிர்வுக் கருவியை வேணுமெண்டே பூட்டிச்சினம். எங்கட பக்கம் ஓடுற புது எக்ஸ்கவேற்றரில ஹைட்ரோலிக் வால்வுக்குள்ள ஒரு சின்னத் தண்டு போய்வரும், அதுக்கும் கூட்டுக்கும் இடைவெளி சில மைக்ரோமீற்றர்தான், சும்மா நிண்டா ஒட்டும், ஒட்டினா ஒப்பரேற்றர் லீவரை மெல்லமாத் தள்ளேக்க பூம், அதாவது மிசினின்ர கை, முதல்ல அசையாது, பேந்து படக்கெண்டு பாயும். அதைத் தடுக்க கொன்ட்ரோலர் அந்த வால்வுக்கு அனுப்புற கரண்டிலயே செக்கனுக்கு நூறு, இருநூறு தரம் எண்ட அளவில ஒரு சின்ன நடுக்கத்தைக் கலந்து விடும், தண்டு ஒரு நாளும் முழுசா ஓய்வில நிக்காது, அதால ஒட்டாது. எண்ணெய்க் கிணறு தோண்டிறவை நிலத்துக்குக் கீழ கிலோமீற்றர் கணக்கில கிடையாப் போற குழாயைத் தள்ளுறதுக்கும் குழாயோட அதிர்வுக் கருவி சேத்து இறக்கினம்.

இன்னும் நுணுக்கமாப் போனா காதுக்குக் கேக்காத அதிர்வு. செக்கனுக்கு 20,000 தரம் ஒரு சாமானை வெறும் 1 மைக்ரோமீற்றர் அளவுக்கு நடுக்கினாலே அதின்ர உச்ச வேகம் செக்கனுக்கு 12 சென்ரிமீற்றருக்கு மேல வரும். தலைமயிரின்ர தடிப்பு 50 இலிருந்து 100 மைக்ரோமீற்றர் எண்டா எவ்வளவு சின்ன அசைவு எண்டு யோசிச்சுப் பாருங்கோ, கண்ணுக்கும் தெரியாது காதுக்கும் கேக்காது, ஆனா மேல மெதுவாப் போற சாமானின்ர உராய்வு விழுந்துபோகும். கனன் கொம்பனி 1987 இல கெமரா லென்ஸை முன்பின் நகர்த்த இப்பிடி அதிர்வால ஓடுற மோட்டரைக் கொண்டு வந்தது. அந்த மோட்டருக்குள்ள ஒரு வளையத்தில அலை ஓடும், அந்த அலையின்ர முகடுகள் மேல அமத்தி வச்சிருக்கிற மற்ற வளையத்தை உராய்வாலயே தள்ளிக்கொண்டு போகும், கரண்டை நிப்பாட்டினா அந்த உராய்வே பிரேக்காப் பிடிச்சு லென்ஸை அசையாமல் வச்சிருக்கும். ஓட்டுறதும் உராய்வு, நிப்பாட்டுறதும் உராய்வு, ரெண்டையும் ஆளுறது அதிர்வு. சுவிற்சர்லாந்தில பாசல் பல்கலைக்கழகத்து ஆக்கள் 2006 இல இதை அணு மட்டத்திலயே செய்து காட்டிச்சினம், ஊசி நுனியை உப்புப் பளிங்கில, எங்கட ஆனையிறவில விளையிற அதே சோடியம் குளோரைட்டுத்தான், இழுத்துக்கொண்டு போகேக்க அது ஒவ்வொரு அணுவிலயும் ஒட்டி ஒட்டிப் பாயும், மின்சாரத்தால அந்த ஊசியின்ர அமத்தத்தைச் சரியான அதிர்வெண்ணில கூட்டிக் குறைச்ச உடன அந்த ஒட்டுப் பாய்ச்சல் இல்லாமலே போச்சுது. தேய்மானம் இல்லை, ஒயில் இல்லை. ஒயில் விட ஏலாத அளவுக்குச் சின்ன மிசினுகளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம்!

கட்டுரை எழுதினவர் சொன்ன பாதி உண்மையையும் நான் மறுக்கேல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். உராய்வு விட்டுப்போகக் கூடாத இடத்தில அதிர்வு வந்தா அது நாசம்தான். கிறவல் றோட்டில மண் ஏத்தி ஓடுற ட்ரெயிலரின்ர நட்டுகள் ஏன் கழருது? போல்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறதே உராய்வுதான். ஜேர்மனியில யுங்கர் எண்ட பொறியியலாளர் 1969 இல செய்து காட்டின சோதனை இண்டைக்கும் உலகம் முழுக்கப் பாவனையில இருக்கு, போல்ட்டின்ர நீளப் பக்கமா வாற அதிர்வை விடப் பக்கவாட்டில வாற அசைவுதான் நட்டைக் கழட்டும் எண்டு அவர் காட்டினார். கதியால் ஆட்டிறது எண்டு முதல் சொன்னனே, அதே கணக்குத்தான் இங்க எங்களுக்கு எதிரா வேலை செய்யுது. அதால ட்ரெயிலர் போல்டுக்கு ஸ்பிறிங் வாசர் போட்டிட்டன் எண்டு நம்பி இருக்காதேங்கோ, ஓட்டை பெரிசாப் போகாமல் பக்க அசைவு வராத மாதிரி இறுக்கமாப் பூட்டுங்கோ, நைலோன் நட் போடுங்கோ, சரியான இறுக்கம் குடுங்கோ, அதுதான் வழி.

இன்னொண்டு, இதை ஆரும் சொல்லிக் குடுக்கிறேல்லை. ஓடாமல் நிக்கிற மிசினுக்குப் பக்கத்தில ஜெனரேற்றரோ மற்றப் பம்போ ஓடிக்கொண்டிருந்தா, நிக்கிறதின்ர பெயாரிங்தான் பழுதாகும். பெயாரிங்குக்குள்ள இருக்கிற இரும்புக் குண்டுகள், போல்ஸ் எண்டுறது, ஒரே இடத்தில நிண்டு சின்னதா நடுங்கி நடுங்கி கிறீஸை வெளியில தள்ளி, இரும்பில பள்ளம் தோண்டிடும். 1930 களில அமெரிக்காவில புதுக் காருகளை ரெயிலில ஏத்தித் தூர இடங்களுக்கு அனுப்பேக்க, ஒரு மைல் தூரம்கூட ஓடாத காரின்ர சில்லுப் பெயாரிங் பழுதாகி வந்து இறங்கினது இதாலதான். எங்கட பக்கத்தில ஒரு மில்லில மாத்துக்கு எண்டு வச்சிருந்த மோட்டர் ஒரு நாளும் ஓடாமலே சத்தம் போடத் தொடங்கினதுக்கும் வேற காரணம் நான் காணேல்லை, கழட்டிப் பாத்தா உள் வளையத்தில போல்ஸ் நிண்ட நிண்ட இடத்தில ஒரே இடைவெளியில பள்ளம் பள்ளமா அடையாளம். மாத்து மோட்டரைக் கிழமைக்கு ஒருக்காக் கையால கொஞ்சம் சுத்தி விடுங்கோ, கீழ தடிச்ச றபர் போடுங்கோ, காணும். பிறகு இன்னொரு எச்சரிக்கை, தட்டினாச் சரி எண்டு வார்ப்பிரும்பில சுத்தியலால அடிக்காதேங்கோ, வெடிச்சிடும். குளத்துத் துருசு கதவு இறுகினாலும் அதின்ர திருகுத் தண்டில அடிக்கிறது பிழை, நீர்ப்பாசன ஆக்களைக் கூப்பிடுங்கோ. எங்க அடிக்கலாம், எங்க அடிக்கக் கூடாது எண்டதைச் சொல்லிக் குடுக்காமல் அதிர்வு எண்டாலே நிப்பாட்டு எண்டு சொல்லிவிட்டா இதெல்லாம் பெடியளுக்கு எப்ப விளங்கும்?

சரி, கச்சானுக்கு வாறன், நான் எழுதத் துடிச்சது இதுக்குத்தான்.

முல்லைத்தீவு, கிளிநொச்சியில கச்சான் கனக்கச் செய்யினம். கிண்டிற நேரம் மழை ஒருக்காப் பெய்து மண் இளகியிருந்தா சரி, செடியைப் பிடிச்சு இழுக்கக் காயோட வரும். மழை இல்லாட்டி மண் காய்ஞ்சு கல்லா இறுகிப்போகும், இழுக்க இழுக்கச் செடி மட்டும் கையோட வந்து காயெல்லாம் மண்ணுக்குள்ள நிண்டிடும். பிறகு பெண் பிள்ளையள் குனிஞ்சு மண்வெட்டியாலயும் விரலாலயும் தேடித்தேடி எடுக்கிறதை நீங்கள் பாத்திருப்பியள், பின்னேரம் ஆகேக்க நகக்கண்ணில ரத்தம் கசியும். கூலியும் பெரிசா இல்லை, ஆக்களும் இப்ப கிடைக்கிறேல்லை. உழவு மிசினில ஒரு தட்டைக் கத்தியைப் பூட்டிக் காய்க்குக் கீழால விட்டு ஆணிவேரை அறுக்கலாம்தான், செய்யிறவையும் இருக்கினம், ஆனா இறுகின மண்ணில அந்தக் கத்தியை இழுக்கச் சின்ன மிசினுக்குப் பலம் காணாது, சில்லு நிண்ட இடத்தில சுத்தும்.

அந்தக் கத்தியை முன்னும் பின்னும் நடுங்க வச்சா என்ன? இது என்ர கண்டுபிடிப்பில்லை, நடுங்கிற கலப்பைக் கத்தியள் பற்றிப் பல நாடுகளில கன வருசமா ஆராய்ச்சி நடந்திருக்கு, இழுவை குறையுது எண்டதையும் காட்டியிருக்கினம், அங்கயும் முதல் நிபந்தனை நான் பெட்டிக்கும் பலகைக்கும் சொன்ன அதே நிபந்தனைதான், கத்தியின்ர நடுக்க வேகம் மிசின் போற வேகத்தை விடக் கூட இருக்கவேணும். கணக்கைப் பாருங்கோ. நாலு சில்லு உழவு மிசினின்ர பின்பக்க பீ.ரீ.ஓ. தண்டு, அதாவது எஞ்சின் பலத்தைப் பின்னால பூட்டிற கருவிக்குக் குடுக்கிற தண்டு, நிமிசத்துக்கு 540 சுத்து, அதாவது செக்கனுக்கு 9. அதில நடுவில இருந்து 10 மில்லிமீற்றர் விலகிச் சுத்துற ஒரு வட்டை, எக்சென்றிக் எண்டுறதை, பூட்டி அதால கத்தியை ஆட்டினா நடுக்கத்தின்ர உச்ச வேகம் செக்கனுக்கு 56 சென்ரிமீற்றர் அளவில வரும். மிசினை மணித்தியாலத்துக்கு 1 கிலோமீற்றர் வேகத்தில மெல்லமா விட்டா அது செக்கனுக்கு 28 சென்ரிமீற்றர். சரியாப் பாதி! மண்ணில வெறும் உராய்வு மட்டுமில்லை, வெட்டவேணும், கிளப்பவேணும், அதால மூண்டில ஒண்டு எண்ட கணக்கு அப்பிடியே வராது எண்டு எனக்குத் தெரியும். ஆனாலும் இழுவை நல்லாக் குறைஞ்சா காணுமே, சில்லு சறுக்காது. அதோட நடுங்கிற கத்தி மண் கட்டியை உதிர்த்துக்கொண்டு போகும், காய் மண்ணில்லாமல் மேல வரும், எங்களுக்கு வேணுமானதே அதுதானே.

டீசல் மிச்சம் பிடிக்கலாம் எண்டு நான் சொல்லமாட்டன், கத்தியை ஆட்டுறதுக்கும் எஞ்சின்தான் பலம் குடுக்கவேணும், கூட்டிப் பாத்தா செலவு அதேயளவாவும் வரலாம், கூடவும் வரலாம். ஆனா அந்தப் பலம் சில்லால மண்ணுக்குப் போகாமல் தண்டால நேர கத்திக்குப் போகுது, அதால பாரம் குறைஞ்ச சின்ன மிசினால பெரிய மிசினின்ர வேலையை எடுக்கலாம், எங்கட ஆக்களிட்ட இருக்கிறது சின்ன மிசினுகள்தான். இன்னொரு சிக்கல் அந்த நடுக்கம் ஓட்டுறவரின்ர முதுகுக்கு ஏறும். அதுக்கு ரெண்டு கத்தியைப் போட்டு ஒண்டு முன்னுக்குப் போகேக்க மற்றது பின்னுக்கு வாற மாதிரி எக்சென்றிக்கை எதிர் எதிராப் பூட்டினா நடுக்கம் ஒண்டை ஒண்டு பெரும்பாலும் அழிச்சிடும். அந்த எக்சென்றிக்கின்ர பெயாரிங்குக்குள்ள மண் போகாமல் சீல் போடுறதுதான் எங்கட புழுதியில உண்மையான சவால், அதுக்கு யோசிக்கவேணும்.

ஆசிரியர் ஐயா, கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கு, ஜேர்மன் ரெக் எண்டு நாங்கள் சொல்லுற தொழிற்பயிற்சி நிறுவனமும் அதே அறிவியல் நகரிலதான். அளக்கத் தெரிஞ்ச பிள்ளையள், மண்ணைத் தெரிஞ்ச பிள்ளையள், வெட்டி ஒட்டத் தெரிஞ்ச பிள்ளையள் எல்லாம் ஒரு சைக்கிள் ஓடுற தூரத்துக்குள்ள இருக்கினம். கடைசி வருசப் பிள்ளையளின்ர செயற்திட்டத்துக்கு இந்த நடுங்கிற கச்சான் கத்தியைக் குடுக்கச் சொல்லி உங்கட பத்திரிகை மூலம் விரிவுரையாளர்மாரைக் கேட்டுக்கொள்ளுறன். இழுவையை அளக்கிற தராசு, அதிர்வை அளக்கிற கருவி எல்லாம் அவையிட்ட இருக்கும், என்னட்ட இல்லை, நான் கையால பாத்துச் சொல்லுறதை அவை இலக்கத்தில சொல்லுவினம். எத்தினை மில்லிமீற்றர் ஆட்டினா எங்கட செம்மண்ணுக்குச் சரி, மணல் கலந்த மண்ணுக்கு எவ்வளவு, எந்த வேகத்தில காய் உடையத் தொடங்குது எண்ட மூண்டு கேள்விக்கும் விடை கிடைச்சா மிச்சத்தை எங்கட வேக்ஷொப்புகளே செய்யும். என்ர லேத்தையும் வெல்டிங் பிளான்ரையும் அந்தப் பிள்ளையளுக்குக் காசில்லாமல் பாவிக்க விடுறன், பழைய டிஸ்க் தட்டுகள் கத்தி வெட்ட நல்ல இரும்பு, என்னட்டக் கிடக்கு, பரிசோதிச்சுப் பாக்கக் காணி தர பக்கத்துக் கமக்காரர் ரெண்டு மூண்டு பேர் ஓமெண்டு சொல்லியிருக்கினம்.

பராமரிப்புக் கட்டுரை எழுதினவரிட்டயும் ஒரு வேண்டுகோள், அடுத்த முறை எழுதேக்க எந்த அதிர்வை நிப்பாட்டவேணும், எதை வச்சிருக்கவேணும் எண்டு பிரிச்சு எழுதுங்கோ, மாத்து மோட்டரைச் சுத்தி விடுற விசயத்தையும் மறக்காமல் சேருங்கோ. சிறுபோகக் கச்சான் கிண்டத் தொடங்க முதல் ஒரு மாதிரிக் கத்தியாவது காணியில இறங்கவேணும் எண்டா இந்த மாதமே ஆராவது தொடங்கவேணும், ஆர்வமுள்ள பிள்ளையள் உங்கட அலுவலகத்துக்கு எழுதினா தயவுசெய்து எனக்கு அறிவியுங்கோ.

இப்படிக்கு,
வேக்ஷொப் வச்சிருக்கிற வாசகர்,
விசுவமடு.